சந்தேகத்துக்குக் கோடு கிடையாது

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பின்னால் யாராவது கண்டுபிடித்து மானத்தை வாங்குவதைவிட அது மேல். ஒரு சனிக்கிழமை காலை என் அக்கா துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். நான் உதவி செய்வதாகப் பேர் பண்ணிக்கொண்டு காலுறைகளுக்கு ஜோடி தேடிக்கொண்டிருந்தேன். ஒரு போர்வையின் இரண்டு முனைகளை என் கையில் கொடுத்து, மற்ற இரண்டைத் தான் பிடித்துக்கொண்டு, "நான் ஒருத்திக்கு இல்லாத வியாதியை எழுதிட்டேன்டா," என்றாள். போர்வையை மடித்து முடித்த பிறகுதான் மீதியைச் சொன்னாள்.

எனக்கு அப்போது முதலில் தோன்றியது, 'அடடா, நல்ல முதல் வரி' என்பதுதான். வெட்கமாக இருக்கிறது. கூடப் பிறந்தவள் கண் கலங்கி நிற்கும்போது அவள் வாக்கியத்தைத் திருடிப் பைக்குள் போட்டுக்கொள்கிற புத்தி எனக்கு. இதை எழுதத் தொடங்கிய பிறகுதான் முறைப்படி அனுமதி கேட்டேன்.

"எழுது," என்றாள். "என் பேர் வரக் கூடாது. கம்பெனி பேர் வரக் கூடாது. எழுதினதும் எங்கிட்ட காட்டணும். தப்பு இருந்தா திருத்துவேன்."

திருத்துவதுதான் அவள் தொழில் என்பதால் மறுக்க முடியவில்லை. அடைப்புக்குறிக்குள் அவள் குரல் கேட்டால் ஆச்சரியப்படாதீர்கள். கதைக்குள் அவளுக்கு அலுவலகத்தில் வைத்த பட்டப்பெயரையே வைத்திருக்கிறேன்: சல்லடை. அவள் கையில் போன கோப்பில் ஒரு சின்னப் பிழைகூட நழுவாது என்று பாராட்டி வைத்த பெயர். சல்லடை என்றாலே ஓட்டைதானே என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது.

2

தொடக்கங்கள்.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. சல்லடை ஜன்னல் ஓரமாக நின்று

(அக்கா: எங்க ஃப்ளோர்ல ஜன்னலே கிடையாதுடா.)

அவளுடைய விரல்கள் விசைப்பலகையின் மீது நடனமாடின. நோய்கள் எண்களாகவும் எண்கள்

(இதைப் படித்துவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் அவள் வீட்டுக்காரர், என் மாமா, அடுத்த அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். அடித்துவிட்டேன்.)

மனித உடலைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம்

(கொட்டாவி வருகிறது. எனக்கே.)

சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன். ஒரு பெரிய அறை. ஆறு வரிசை மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் இரண்டு திரைகள். பேனா கிடையாது, காகிதம் கிடையாது, கைபேசியை வெளியே வரிசையாக இருக்கும் லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். ஏசி எந்நேரமும் நடுங்க வைக்கும் என்பதால் ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் ஒரு சால்வையோ ஸ்வெட்டரோ தொங்கும். இடது திரையில் எங்கோ ஒரு மருத்துவமனையில் டாக்டர் எழுதிய குறிப்பு. வலது திரையில் சல்லடை தேர்ந்தெடுக்க வேண்டிய கோடு, அதாவது இங்கிலீஷ் 'கோட்', குறியீட்டு எண். ஒவ்வொரு நோய்க்கும் ஓர் எழுத்தும் சில எண்களும். டாக்டர் எழுதியதைப் படித்து, அதற்குரிய கோடு போட்டால் கோப்பு பச்சையாகும். அடுத்தது வரும். இதுதான் வேலை. ஒன்பது வருடமாக அக்கா இதைச் செய்கிறாள், எனக்கு ஒரு நாள்கூட என்ன வேலை என்று கேட்கத் தோன்றியதில்லை.

கதைக்குத் தேவையான விதிகள் இரண்டே இரண்டு. முதல் விதி: வெளிநோயாளிக் கோப்பில், டாக்டர் 'இதுவாக இருக்கலாம்' என்றோ கேள்விக்குறி போட்டோ எழுதிய நோய்க்குக் கோடு போடக் கூடாது. சந்தேகத்துக்குக் கோடு கிடையாது. காய்ச்சல், அரிப்பு என்று கண்ணுக்குத் தெரிந்த அறிகுறிகளுக்கு மட்டும்தான் போடலாம். இரண்டாவது விதி: நோயை டாக்டர்தான் சொல்ல வேண்டும். நர்ஸ் எழுதிய குறிப்பிலிருந்தோ ரத்தப் பரிசோதனை முடிவிலிருந்தோ கோடு போடுகிற கோடர் தானாக ஒரு நோயை முடிவு செய்யக் கூடாது.

முதல் நாள் வகுப்பிலேயே சொல்லிக் கொடுப்பார்களாம். சல்லடையே அதைப் புதியவர்களுக்கு வகுப்பாக எடுத்திருக்கிறாள்.

3

இப்போது அந்தப் பெண். நாற்பத்தொரு வயது, பள்ளிப் பேருந்து ஓட்டுநர். இதற்குமேல் சல்லடைக்கு எதுவும் தெரியாது. பெயர், முகவரி எல்லாவற்றையும் மறைத்து, கம்பெனி போட்டுக்கொண்ட ஒரு தனி எண்ணோடுதான் கோப்பு வரும்.

ஒரு நாள் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு வண்டியை நிறுத்திய கையோடு அந்தப் பெண்ணுக்கு முகமும் கழுத்தும் செக்கச் செவேலென்று சிவந்திருக்கிறது. உடம்பெல்லாம் தடிப்பு, வயிற்றைப் பிசைகிறது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது. யாரோ அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள். அங்கிருந்த டாக்டர் அறிகுறிகளை ஒவ்வொன்றாக எழுதிவிட்டு, கடைசி வரியில் 'மாஸ்ட் செல்? பார்க்க வேண்டும்' என்று எழுதி ஒரு ரத்தப் பரிசோதனைக்கும் அனுப்பினார்.

[அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: நம் உடம்பில் மாஸ்ட் செல் என்று ஒரு வகைக் காவலாளிகள் உண்டு. ஆபத்து வந்தால் ஹிஸ்டமின் முதலான ரசாயனங்களைக் கொட்டி ஊரையே எழுப்புவது அவர்கள் வேலை. சிலருக்கு இந்தக் காவலாளிகள் பேப்பர் போட வந்தவனைப் பார்த்துக்கூட விசில் ஊதுவார்கள். வெயில், சூடு, வலி, ஏதோ ஒரு மருந்து, எதுவும் போதும். ஒரு தடவை தோல், ஒரு தடவை வயிறு, ஒரு தடவை இதயம் என்று வெவ்வேறு இடத்தில் காட்டுவதால் கண்டுபிடிப்பதும் லேசில்லை. அக்கா இந்தப் பத்தியைப் படித்துவிட்டு 'பரவால்ல, டாக்டர் யாரும் படிக்காம இருக்கணும்' என்றாள்.]

அந்தக் கோப்பு சல்லடையிடம் வந்தபோது வேலை முடியப் பத்து நிமிடம் இருந்தது. இன்னும் ஐந்து கோப்பு பாக்கி. மாஸ்ட் செல்லுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி இருந்ததால் விதிப்படி அதை விட்டாள். நான்கு அறிகுறிகளுக்கு நான்கு கோடு போட்டாள். திரை மஞ்சளாகி நின்றது. அந்த வாரம்தான் மென்பொருளை மாற்றியிருந்தார்கள். நான்கு அறிகுறிகள் திசைக்கொன்றாக இருக்கின்றன, மேலே ஒரு நோயும் இல்லை, எனவே சீனியரின் பார்வைக்கு அனுப்பவும் என்றது. அனுப்பினால் கோப்பு நாளை வரை தொங்கும். அன்றைய கணக்கில் வராது.

அவள் குறிப்பை மேலும் கீழும் ஓட்டினாள். நர்ஸ் எழுதியிருந்த பகுதியில் ஒரு வரி இருந்தது: 'நோயாளி மிகவும் பதற்றமாக இருக்கிறார். அழுகிறார்.'

சல்லடை எஃப் 41.9 போட்டாள். பதற்ற நோய், வகை குறிப்பிடப்படவில்லை.

திரை பச்சையானது.

(இந்த இடத்தில் 'அவள் கை ஒரு கணம் தயங்கியது' என்று எழுதியிருந்தேன். அக்கா அடித்துவிட்டாள். "தயங்கலடா. தயங்கியிருந்தா நல்லா இருந்திருக்கும். அடுத்த கோப்பைத் திறந்தேன்.")

உடம்பெல்லாம் தடித்து, நெஞ்சு அடித்துக்கொள்ளும்போது யார்தான் அழ மாட்டார்கள்? அது நோயா? ஆனால் போட்ட கோடு போட்டதுதான். அது மருத்துவமனைக்குத் திரும்பிப் போய், அந்தப் பெண்ணின் கோப்பில் முதல் பக்கத்தில், நோய்ப் பட்டியலின் உச்சியில் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. அடுத்த முறை அவள் அதே சிவப்பும் தடிப்புமாக வந்தபோது வேறொரு டாக்டர் பட்டியலைப் பார்த்து 'பதற்ற நோய் உள்ளவர்' என்று எழுதினார். மூன்றாவது முறை இன்னொருவர் 'நீண்டகாலப் பதற்ற நோய்' என்று எழுதினார். நான்காவது முறை மனதை அமைதிப்படுத்தும் மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அந்தக் கேள்விக்குறியை அப்புறம் யாரும் சீண்டவில்லை.

4

எட்டு மாதம் கழித்து, ஒரு வியாழக்கிழமை, காலை பதினொன்று பத்துக்கு அதே எண் சல்லடையின் வரிசையில் வந்து நின்றது. இந்த முறை அறுவை சிகிச்சைக்கு முந்தைய சரிபார்ப்பு. பித்தப்பையில் கல். அறுவை அன்றே, மதியம் இரண்டு மணிக்கு.

கோப்பைத் திறந்ததும் உச்சியில் எஃப் 41.9. ஒவ்வொரு கோடுக்கும் பக்கத்தில் அதைப் போட்டவரின் ஊழியர் எண் பொடி எழுத்தில் இருக்கும். தன் எண்ணைப் பார்த்ததும் அவளுக்குச் சுருக்கென்றது. எப்போது போட்டோம் என்று பின்னால் போய்ப் பார்த்தாள். நர்ஸ் குறிப்பைப் பார்த்தாள்.

அதற்கப்புறம்தான் அந்த ரத்தப் பரிசோதனை முடிவு கண்ணில் பட்டது. அவசரப் பிரிவிலிருந்து அனுப்பியது ஒன்பது நாள் கழித்து வந்திருக்கிறது. மாஸ்ட் செல்கள் வெளியிடும் ட்ரிப்டேஸ் என்ற பொருளின் அளவு, இருக்க வேண்டியதைப்போல இரண்டு மடங்கு. முடிவு வருவதற்குள் அந்த வருகை மூடப்பட்டுவிட்டதால் அது எந்த டாக்டரின் மேசைக்கும் போகவில்லை. 'பார்த்தவர்' என்ற கட்டம் எட்டு மாதமாகக் காலியாகவே இருந்தது.

அவள் டாக்டர் இல்லை. ஆனால் ஒன்பது வருடமாக நாளைக்கு எண்பது கோப்பு படித்தவள். மாஸ்ட் செல் கோளாறு உள்ளவர்களுக்குச் சில மயக்க மருந்துகளும் வலி மருந்துகளும் எமனாகிவிடலாம் என்பதை எத்தனையோ கோப்புகளில் படித்திருக்கிறாள். முன்கூட்டியே தெரிந்தால் மருந்தை மாற்றுவார்கள், தடுப்பு மருந்து கொடுப்பார்கள், சமாளித்துவிடுவார்கள். தெரியாவிட்டால் மேசையிலேயே ரத்த அழுத்தம் சரியும், மூச்சுக்குழல் இறுகும். மயக்க மருந்து டாக்டர் அறுவைக்கு முன் புரட்டப்போவது அந்த முதல் பக்கத்தைத்தான். அதில் பதற்ற நோய் என்று இருக்கிறது. எழுதியது அவள்.

மணி பதினொன்று இருபத்தைந்து.

5

சல்லடையின் மேலாளரான டீம் லீடை முதலில் வில்லனாக எழுதியிருந்தேன். கழுத்தில் அடையாள அட்டையைச் சுழற்றிக்கொண்டு வருவார், கொடுக்குப் பேச்சு பேசுவார், கதைக்கு வசதியாக இருக்கும். அக்கா அந்த இரண்டு பக்கத்தையும் அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"அவர் நல்ல மனுஷன்டா. அதுதான் பிரச்சினையே."

ஆகவே நல்ல மனுஷனாகவே வருகிறார்.

"என்ன சல்லடை, இன்னைக்கு என்ன கல்லு சிக்குச்சு?"

"அண்ணா, இதைக் கொஞ்சம் பாருங்க."

அவர் குனிந்து படித்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"டாக்டருக்குக் கேள்விக் கடிதம் அனுப்பு."

"அனுப்பினா பதில் வர ரெண்டு நாள் ஆகும்ணா. ஆபரேஷன் ரெண்டு மணிக்கு."

"அவசரம்னு நான் கொடி போடறேன். உடனே போகும். ஆனா ஒண்ணு. நோயோட பேரை நீ எழுதக் கூடாது."

"தெரியும்."

"டாக்டர் வாயில வார்த்தையைத் திணிச்ச மாதிரி இருக்கக் கூடாது. திணிச்சா அந்தக் கடிதமே செல்லாது, தள்ளிடுவாங்க. உனக்கே தெரியும், நீதான் கிளாஸ் எடுக்கறே."

"தெரியும்ணா. எழுதறேன்."

கேள்விக் கடிதம் என்பது கோடர் டாக்டரிடம் கேட்கும் விளக்கம். அதில் கண்டதைச் சொல்லலாம், கேட்கலாம், ஆனால் விடையை ஜாடை காட்டக் கூடாது. நான் எழுதுகிற தொழிலிலும் இப்படி ஒரு விதி உண்டு என்று பீற்றிக்கொள்வோம். ஆனால் நான் தவறினால் ஒரு வாசகர் கொட்டாவி விடுவார், அவ்வளவுதான். அவள் எழுதியதை நினைவிலிருந்து எனக்குச் சொன்னாள். அதை அப்படியே தருகிறேன்.

நோயாளிக்கு மாஸ்ட் செல் கோளாறு இருக்கக்கூடும் என்பதால்

(அழித்தாள்.)

இந்த நோயாளிக்குப் பதற்ற நோய் இல்லை என்று

(அதைச் சொல்ல நீ யார்? அழித்தாள்.)

மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் தயவுசெய்து

(அழித்தாள். 'தயவுசெய்து' என்று எழுதியபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டதாம்.)

பன்னிரண்டு ஐந்துக்கு அனுப்பியது இது: 'நான்கு வருகைகளில் முகம் சிவத்தல், தோல் தடிப்பு, வயிற்று வலி, நெஞ்சு படபடப்பு ஆகியவை பதிவாகியுள்ளன. முதல் வருகையின் ட்ரிப்டேஸ் முடிவு இணைக்கப்பட்டுள்ளது. அதைப் பார்த்ததாகக் கையெழுத்து இல்லை. இவற்றுக்குப் பொதுவான காரணம் ஏதேனும் இருந்தால் பதியவும். இல்லை எனில் இல்லை என்று பதியவும். தீர்மானிக்க இயலாது எனில் அதையும் பதியவும்.'

இதைவிடச் சூடு சுரணை இல்லாத ஒரு வாக்கியத்தை நான் படித்ததில்லை. அதை எழுதியபோது அவள் உள்ளங்கை வியர்த்து எலி வழுக்கியது.

(அக்கா: மவுஸ்னு எழுது. எலின்னா யாருக்குப் புரியும்?)

6

[இந்தப் பகுதி கற்பனை. மற்றதெல்லாம் எப்படியோ, இந்த ஒரு பகுதி மட்டும் முழுக்க முழுக்கக் கற்பனை. கம்பெனியிலிருந்து யாராவது படிக்க நேர்ந்தால் இதைக் குறித்துக்கொள்ளவும்.]

பன்னிரண்டு நாற்பது. கடிதத்தின் பக்கத்தில் 'படிக்கப்படவில்லை' என்றே இருந்தது. சல்லடை கழிப்பறைக்குப் போவதுபோல் எழுந்து, லாக்கரைத் திறந்து, கைபேசியை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் போய் நின்றாள். நோயாளியைப் பற்றி வெளியே ஒரு வார்த்தை பேசினால் வேலை போகும், வழக்கும் வரும். அது அவளுக்குத் தெரியும். மருத்துவமனையின் பொது எண்ணைத் தேடி அழைத்தாள். ஒரு எந்திரக் குரல் ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து என்றது. அப்புறம் இசை. ஆறு நிமிடம் இசை.

"சொல்லுங்க."

"இன்னைக்கு ரெண்டு மணிக்கு ஒரு ஆபரேஷன் இருக்குங்க. பித்தப்பை. மயக்க மருந்து டாக்டர்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும். ரொம்ப அவசரம்."

"பேஷன்ட் பேர் சொல்லுங்க."

சல்லடையிடம் இருந்தது கம்பெனி போட்ட எண் மட்டும்தான்.

"ஹலோ? பேர் சொல்லுங்கம்மா."

"பேர் தெரியாதுங்க. நாற்பத்தொரு வயசு. ஸ்கூல் பஸ் ஓட்டறவங்க."

"நீங்க யாரு? சொந்தமா?"

"இல்ல."

"ஃப்ரெண்டா?"

"இல்லங்க. நான்..." அவள் எப்படிச் சொல்வாள்? "அவங்களுக்கு ரத்தத்துல ஒண்ணு அதிகமா இருக்கு. அதை யாரும் பார்க்கல."

"பேர் தெரியாது, சொந்தம் இல்ல, ஆனா ரத்தம் தெரியுமா? ஏம்மா, வேலை நேரத்துல விளையாடாதீங்க," என்று அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள்.

எட்டு மாதக் கோப்பைப் படித்ததில் அந்தப் பெண்ணின் தோல் தெரியும், வயிறு தெரியும், தூக்கம் தெரியும், எந்த மாத்திரை சேராது என்பதுகூடத் தெரியும். வாசலில் எதிரே நின்றால் அடையாளம் தெரியாது. எனக்கு இந்த இடத்தை எழுதும்போது கோபம் வந்தது. யார் மேல் என்று இன்னும் புரியவில்லை. பெயரை மறைத்ததும் அந்தப் பெண்ணின் நல்லதுக்குத்தானே?

7

திரும்பி வந்தபோது மணி பன்னிரண்டு ஐம்பத்தெட்டு. இன்னும் 'படிக்கப்படவில்லை'. லீட் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

"கடிதம் போயிடுச்சுல்ல? நம்ம கையில இவ்வளவுதான்."

"எஃப் 41.9 இன்னும் மேலதாண்ணா இருக்கு. அது இருக்கற வரைக்கும் யாரும் கடிதத்தைத் தேடிப் போக மாட்டாங்க. அதை எடுக்கணும்."

"எடுக்கணும்னா பிழை அறிக்கை போடணும். உன் மேலயே."

"ஆமா."

அவர் குரலைத் தாழ்த்தினார். "திங்கக்கிழமை உன் ஆடிட்டர் போஸ்டிங் லிஸ்ட் வருது. மத்த கோடர்களைச் சரிபார்க்கற வேலைக்கு மூணு வருஷமா காத்திருந்தே. நோயாளிக்கு ஆபத்து வரக்கூடிய பிழைன்னு ஒண்ணு பதிவானா லிஸ்ட்ல பேர் இருக்காது. வேலையே இருக்குமான்னு நான் சொல்ல முடியாது. அறிக்கையை அடுத்த வாரம் போடலாம். நானே கூட இருந்து போடறேன். யாரும் கேட்க மாட்டாங்க."

வில்லன் ஒருவன் இதைச் சொல்லியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். முறைத்துவிட்டுப் போயிருப்பாள். இவர் அவளுடைய குழந்தையின் பள்ளிச் சேர்க்கைக்கு லீவு போட்டு வந்து வரிசையில் நின்றவர்.

(உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதல் வரைவில் அவள் கண நேரமும் யோசிக்காமல் அறிக்கையைத் திறந்தாள். தியாகி மாதிரி. அக்கா பக்கத்தில் எழுதி வைத்திருந்தாள்: 'பத்தொன்பது நிமிஷம் ஆச்சு.' பத்தொன்பது நிமிடம் என்ன செய்தாய் என்று கேட்டேன். "சும்மா உட்கார்ந்திருந்தேன். வேற ரெண்டு கோப்பு முடிச்சேன்," என்றாள்.)

ஒன்று இருபதுக்கு அறிக்கையைத் திறந்தாள். பிழை செய்தவர்: தன் எண். பிழையின் வகை: டாக்டர் குறிப்பில் இல்லாத நோய். ஆதாரம்: நர்ஸ் குறிப்பிலிருந்து எடுத்தது. காரணம் என்ற கட்டத்தில் முந்நூறு எழுத்துக்கு இடம் இருந்தது. 'கோப்பை முடிப்பதற்காக' என்று எழுதினாள்.

ஒன்று முப்பத்தொன்றுக்கு முதல் பக்கத்திலிருந்து எஃப் 41.9 மறைந்தது. நோய்ப் பட்டியலின் உச்சியில் ஒரு வெற்றிடமும், 'திருத்தத்தில் உள்ளது, கேள்விக் கடிதத்தைப் பார்க்கவும்' என்ற குறிப்பும் மட்டும்.

ஒன்று ஐம்பத்திரண்டுக்குக் கடிதத்தின் பக்கத்தில் 'படிக்கப்பட்டது' என்று மாறியது.

அவ்வளவுதான். பதில் இல்லை. படித்தது டாக்டரா, அலுவலகத்தில் பொத்தானை அமுக்குகிற யாரோவா என்று அந்தச் சொல்லிலிருந்து தெரியாது. இரண்டு மணிக்குக் கோப்பு அறுவைப் பிரிவின் கைக்குப் போனது, சல்லடையின் திரையிலிருந்து நீங்கியது. வேலைக் காரணம் இல்லாமல் ஒரு கோப்பைத் தேடித் திறந்தால் அன்றைக்கே வெளியே அனுப்பிவிடுவார்கள். உள்நோயாளிக் கோப்புகளைப் பார்ப்பதோ வேறொரு குழு, வேறொரு மாடி.

திங்கட்கிழமைப் பட்டியலில் அவள் பெயர் இல்லை. ஆறு வாரம் புதியவர்களோடு உட்கார்ந்து மறுபயிற்சி. முன்பு அவளிடம் படித்த ஒரு பெண்தான் வகுப்பு எடுத்தாளாம்.

8

முடிவுகள். மூன்று எழுதினேன்.

முதலாவதில், மயக்க மருந்து டாக்டர் ஊசியைக் கையில் எடுத்த பிறகு பட்டியலின் வெற்றிடத்தைப் பார்த்து நிற்கிறார். கடிதத்தைத் திறக்கிறார். ட்ரிப்டேஸ். மருந்தை மாற்றுகிறார். மூன்றாம் நாள் அந்தப் பெண் வீட்டுக்குப் போகிறாள். அக்கா பக்கத்தைத் திருப்பினாள்.

இரண்டாவதை இங்கே எழுதவில்லை. எழுதினேன், அக்கா படித்தாள், எழுந்து போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு வெகுநேரம் பாத்திரம் கழுவினாள். மாமா என்னைப் பார்த்த பார்வையில் நான் அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன்.

மூன்றாவதில், வேறொரு அவசர நோயாளி வந்ததால் அறுவை மறுநாளைக்குத் தள்ளிப்போகிறது. "நல்லா தப்பிச்சாச்சு," என்றாள் அக்கா. அந்தப் பெண்ணைச் சொன்னாளா, என்னைச் சொன்னாளா தெரியவில்லை. என்னைத்தான் இருக்கும்.

9

கதையை இங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் போன வாரம் அக்கா இன்னொன்று சொன்னாள். அதைச் சொல்லாமல் விட்டால் நானும் நர்ஸ் குறிப்பைப் பார்த்து எதையோ போட்டுத் திரையைப் பச்சையாக்கியவன் ஆவேன்.

மறுபயிற்சி முடிந்து மேசைக்குத் திரும்பிய நான்காம் நாள், அந்த எண் மறுபடி அவள் வரிசையில் வந்தது. தானாக, முறைப்படி, அவளுக்கே ஒதுக்கப்பட்டு. திறந்தால் யாரும் கேள்வி கேட்க முடியாது.

"வந்துச்சா? அப்ப உயிரோட இருக்காங்கன்னுதானே அர்த்தம்!" நான் கிட்டத்தட்ட எழுந்தே விட்டேன்.

"செத்தவங்க கோப்பும் எங்ககிட்டதான்டா வரும். அதுக்கும் கோடு இருக்கு."

"திறந்து பார்த்தியா?"

ஒரு நாளைக்கு மூன்று கோப்பை வேறொருவருக்குத் தள்ளிவிட ஒவ்வொரு கோடருக்கும் உரிமை உண்டு. அவள் ஒன்பது வருடத்தில் ஒருமுறைகூட அதைப் பயன்படுத்தியதில்லை என்று பெருமை பேசியதை நானே கேட்டிருக்கிறேன்.

"தள்ளிவிட்டுட்டேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கத்தினேன் என்றே சொல்லலாம். "ஒரு கிளிக்! ஒரே ஒரு கிளிக்! வேலையைப் பணயம் வச்சே, போஸ்டிங் போச்சு, புதுசா வந்த பிள்ளைங்களோட உட்கார்ந்தே. எதுக்கு? அந்தப் பொம்பள என்ன ஆனாங்கன்னு பார்க்கக்கூட உனக்கு..."

முடிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன்.

"பத்தொன்பது நிமிஷம்டா," என்றாள். "உள்ள என்ன எழுதியிருக்கோ, அதுல எந்த நேரத்துக்கு என்ன ஆச்சுன்னு நிமிஷக் கணக்குல இருக்கும். படிச்சா அந்தப் பத்தொன்பதை நான் கழிச்சுப் பார்ப்பேன். என்னால கழிக்காம இருக்க முடியாது."

நான் என்னமோ பெரிய மனுஷன் மாதிரி அவள் தோளில் கை வைத்தேன். அப்புறம், எழுத்தாளன் புத்தி, ஒரு யோசனை சொன்னேன். "அக்கா, நான் எழுதிடறேன். முதல் முடிவையே வச்சுக்கறேன். அவங்க பிழைச்சாங்க. திரும்ப பஸ் ஓட்டறாங்க. கதைதானே, யார் கேக்கப்போறா?"

"வேணாம்."

"ஏன்?"

"நீ எழுதினா நான் நம்பிடுவேன்டா. அதனாலதான் சொல்றேன். எழுதாத."

ஆகவே எழுதவில்லை. அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. நீங்கள் இவ்வளவு தூரம் வந்திருப்பதால் உங்களுக்குள் ஒரு முடிவு இந்நேரம் உருவாகியிருக்கும், வேண்டாம் என்றாலும் உருவாகும். இருக்கட்டும், வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எங்காவது எழுதிவிடாதீர்கள், உரக்கச் சொல்லிவிடாதீர்கள். அக்கா அடுத்த அறையில்தான் இருக்கிறாள்.